திட்டுவார்கள் என்று சொல்லாமல் விட்டது

என் பிரியமான கோமளா அக்கா,

உன் மகள் பிழைத்துவிட்டாள். எதைப் படித்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நான் கோபப்படப் போகிறேன். உட்கார்ந்து கேள்.

ஆமாம், கோபம்தான். பஸ்ஸில் “இறங்கணும்” என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற அதே சரளாதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் உனக்கும் பங்கு இருக்கிறது. செத்துப்போனவர்களைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா சொல்வாள். அப்படியென்றால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசுக்கு விடுமுறை. திருப்பதியிலிருந்து கிளம்பி, புத்தலப்பட்டில் இறங்கி, வீட்டுக்குள் நுழைந்தபோது நல்ல வெயில் ஏறிவிட்டது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“நல்ல வேளை வந்தே. பாப்பாவுக்கு இப்பதான் தொக்கம் எடுத்துக்கினு வர்றேன். காலையில நல்லா வெளையாடிக்கினு இருந்தா. திடீர்னு ஒண்ணுமே துன்ன மாட்டேன்னுட்டா, எச்சியா ஒழுவுது. முனியம்மா வயித்தைத் தடவி, வாயில விரலை வுட்டா பாரு, கடலைத் தோலு ஒண்ணு வந்து வுழுந்திச்சி!”

தொக்கம் உனக்குத் தெரியாததா? குழந்தை சாப்பிடாவிட்டால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஓடுவோமே. அவர்களும் தடவி, அமுக்கி, எதையோ எடுத்துக் கையில் காட்டுவார்களே. அது குழந்தையின் தொண்டையிலிருந்து வந்ததா, எடுத்தவரின் விரலிடுக்கிலிருந்து வந்ததா என்று நம் ஊரில் யாராவது கேட்டிருக்கிறோமா? ஏதோ ஒன்று வெளியே வந்துவிட்டால் போதும் நமக்கு.

ஹாசினி என்னைப் பார்த்து ஓடி வரவில்லை. பாயில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கவுனின் நெஞ்சுப் பக்கம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. “சித்தி” என்று வாயைத் திறந்தாள், வலித்தது போல மூடிக்கொண்டாள். பக்கத்தில் பாதி வாழைப்பழம்.

“உள்ள தள்ளிடும்னு குடுத்தேன். கொஞ்சம் துன்னா, கொஞ்சம் கக்கிட்டா” என்றாள் அம்மா.

பழத்துக்குப் பக்கத்தில் அவளுடைய பம்பரம் கிடந்தது. காணிப்பாக்கம் கோயிலுக்குப் போனபோது வாசல் கடையில் மாமா தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. சுற்றினால் சிவப்பும் பச்சையுமாக மின்னும். நீ போன பிறகு மாமா அவளுக்கு இப்படித்தான் எதையாவது வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பம்பரத்தின் அடி மூடி தனியாகக் கிடந்தது. உள்ளே வட்டமாக ஒரு குழி. குழியில் ஒன்றும் இல்லை.

“இதுல இருந்தது எங்கம்மா?”

“இன்னாது?”

“பேட்டரி.”

“அதான் முனியம்மா எடுத்துட்டாளேடி.”

“அவ எடுத்தது கடலைத் தோலுன்னு நீதானே இப்ப சொன்னே?”

அம்மா என்னைப் பார்த்தாள். பம்பரத்தைப் பார்த்தாள். பிறகு பாயைத் தூக்கித் தேடினாள், கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் தேடினாள். எனக்குத் தேடத் தோன்றவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு முறை முதலுதவி வகுப்பு நடந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பொத்தான் மாதிரி இருக்கிற அந்த வட்ட பேட்டரி தொண்டையில் நின்றுவிட்டால் காசு மாதிரி சும்மா இருக்காது, உள்ளே சதையைச் சுட்டுக்கொண்டே இருக்கும் என்றார்கள். அரை நாள் போனாலே உணவுக்குழாயில் ஓட்டை விழலாம் என்றார்கள். காலையில் விழுங்கியிருக்கிறாள். காலை முடிந்துவிட்டது.

ஆட்டோவில் ஏறினோம். சித்தூர் ரோட்டில் போகும்போது அம்மா என் காதருகே குனிந்தாள்.

“இதோ பாரு, முனியம்மா வூட்டுக்குப் போனதை அங்க வாயைத் தொறந்து சொல்லாதே. பழம் குடுத்ததையும் சொல்லாதே. இப்பதான் முழுங்கிச்சின்னு சொல்லுவோம். இல்லன்னா கண்டபடி திட்டுவாங்க.”

காதருகே சொன்னது ஆட்டோக்காரருக்கும் கேட்டுவிட்டது. “ஆமாம்மா, அவங்க கிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கினு இருக்கக் கூடாது. எங்க அண்ணன் பையனைத் தூக்கிக்கினு போய் நாங்க நல்லா வாங்கிக் கட்டிக்கினோம்” என்றார்.

பார்த்தாயா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே, வழியில் பொய்யையும் தயார் செய்துகொண்டு போகிறோம். இதை நமக்கு யார் பழக்கினார்கள்?

எனக்கு ஒரு நாள் நினைவு இருக்கிறது. ஹாசினி கைக்குழந்தை. காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுத்தது. ஊரில் எல்லோரும் செய்வதுபோல அவள் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்து மூடிப் பிடித்துக்கொண்டு நீ ஓடினாய். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் சாவியைப் பிடுங்கி உயரத் தூக்கி, “ஏம்மா, பூட்டைத் திறக்க வந்தியா?” என்று தெலுங்கில் கேட்டார். இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நீ அழவில்லை. “இனிமே அவங்க கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது” என்று மட்டும் சொன்னாய்.

சொன்னபடியே இருந்தாய். உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, யாரோ கொடுத்த பச்சிலைச் சாற்றை நாள் தவறாமல் குடித்துவிட்டு, முடியாமல் போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனாய். “நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?” என்று அங்கிருந்த டாக்டர் கேட்டிருக்கிறார். “இல்லை” என்று சொல்லியிருக்கிறாய். காரியம் முடிந்த பிறகுதான் அம்மா இதை எனக்குச் சொன்னாள். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னை அரிக்கிறது, அக்கா. கேட்டார் அல்லவா? ஏன் சொல்லவில்லை? அந்த நர்ஸின் கேலி உன் உயிரைவிடப் பெரிதா?

சித்தூரில் நாங்கள் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதேதான். எமர்ஜென்சியில் நின்றவர் சின்ன வயது டாக்டர். கண்ணெல்லாம் சிவந்து, எப்போது தூங்கினாரோ.

“எப்புடு மிங்கிந்தி?” எப்போது விழுங்கினாள் என்று கேட்டார்.

“இப்புடே சார், இப்புடே” என்றாள் அம்மா. குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

டாக்டர் ஹாசினியைப் பார்த்தார். மூச்சு நன்றாக இருந்தது. நீலம் பாய்ந்து போகவில்லை, மயங்கவில்லை. காசு விழுங்கி வருகிற எத்தனையோ குழந்தைகளில் ஒன்று என்று நினைத்திருப்பார். “ஓரமாக உட்காருங்கள், எக்ஸ்ரேவுக்குக் கூப்பிடுவார்கள்” என்று சொல்லி அடுத்த ஆளிடம் திரும்பினார்.

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எப்போதும் நிற்கிற இடம். ஹாசினி என் தோளில் எச்சில் ஒழுக்கிக்கொண்டு கிடந்தாள். எச்சிலில் லேசாகச் சிவப்பு.

“இல்ல சார்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன், எனக்கே பயமாக இருந்த ஒரு குரலில். “காலையிலேயே முழுங்கிட்டா. காசு இல்ல, பேட்டரி. தொக்கம் எடுக்கக் கூட்டிக்கினு போனாங்க. தொண்டையில விரலை விட்டாங்க. அப்புறம் வாழைப்பழம் குடுத்தாங்க.” எல்லாம் தெலுங்கில்தான். ஒரே மூச்சில்.

அம்மா என் கையை நகம் பதியக் கிள்ளினாள்.

டாக்டர் திரும்பினார். “நீ படிச்ச பொண்ணுதானே?”

“டிகிரி சார்.”

“டிகிரி படிச்சு என்ன பிரயோஜனம்? வீட்டில் இப்படி ஒரு கூத்தா? குழந்தையைக் கொல்லத்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்களா?” அந்த அறை முழுக்க எங்களைப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அன்று நீ குனிந்தது போலவே.

அதைப் பார்த்ததும்தான் எனக்குள் ஏதோ பிய்ந்துகொண்டு வந்தது. “திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க சார். நாங்க எங்கயும் ஓடிப் போவ மாட்டோம். இப்ப எக்ஸ்ரே எடுங்க. நீங்க திட்டுவீங்கன்னுதான் எங்கம்மா பொய் சொன்னாங்க. நீங்க திட்டுவீங்கன்னுதான் எங்கக்கா செத்துப்போனா.”

அவர் வாயடைத்துப் போனார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. திட்டிக்கொண்டேதான் ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டார். திட்டிக்கொண்டேதான் தானே கூட வந்தார். ஆனால் ஓரத்தில் உட்கார வேண்டியிருந்த நாங்கள் முதலில் உள்ளே போனோம்.

எக்ஸ்ரேயில் அவள் கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் இன்னொரு வளையம். பேட்டரி என்று அதைக் கொண்டுதான் கண்டுபிடிப்பார்களாம். எடுக்கிற கருவி அங்கே இல்லை. “திருப்பதி தீஸ்கெள்ளண்டி” என்றார்கள். திருப்பதிக்குக் கொண்டுபோங்கள். நம் பக்கத்தில் இந்த வார்த்தையைக் கேட்காமல் ஒரு குழந்தையாவது வளர்ந்திருக்குமா? இத்தனை பெரிய ஊர், ஒரு சின்ன வட்டத்தை எடுக்க வழியில்லை. அந்தக் கோபத்தை நான் இன்னும் யாரிடமும் காட்டவில்லை. யாரிடம் காட்டுவது என்றும் தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் அம்மா என் பக்கம் திரும்பாமல் ஹாசினியின் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் கத்தியதற்காகக் கோபம் என்று நினைத்தேன். நம் ஊர் திரும்புகிற சாலையைத் தாண்டும்போது கேட்டாள்: “நெசத்தைச் சொன்னா முன்னாடி அனுப்புவாங்களாடி?”

“அனுப்பினாங்களே.”

“கோமளாவையும் அனுப்பியிருப்பாங்களா?”

அக்கா, நீயே சொல்லேன்.

திருப்பதியில் ஒரு பெண் டாக்டர். ஹாசினியின் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார். அதே கேள்விகள்தான். எப்போது, என்ன, வேறு ஏதாவது செய்தீர்களா? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். தெரிந்த தெலுங்கு தீர்ந்துபோனபோது தமிழில் பேசினாள். முனியம்மா, விரல், கடலைத் தோல், வாழைப்பழம், ஒன்றையும் விடவில்லை. சொல்லிவிட்டு அடி வாங்கப் போகிறவள் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த டாக்டர் உள்ளே திரும்பி, “வயிற்றில் பழம் இருக்கிறது, மயக்க டாக்டருக்குச் சொல்லுங்கள், ஆனால் காத்திருக்க முடியாது” என்று குரல் கொடுத்தார். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, “செப்பாரு, மஞ்சிதி” என்றார். சொன்னீர்கள், நல்லது. அவ்வளவுதான். அதுவரை அழாத அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டே வார்த்தை, அக்கா. காசு பணமா, கருவியா? எல்லா எமர்ஜென்சியிலும் அந்த இரண்டு வார்த்தையை வைத்திருக்க முடியாதா? ஊரெல்லாம் முனியம்மாக்கள் திட்டாமல் கேட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான் நாம் முதலில் அங்கே போகிறோம். இது படித்தவர்களுக்கு ஏன் புரியவில்லை? அதே முனியம்மா ஒரு தோலைக் காட்டி நம்மைத் திருப்பி அனுப்பியது நமக்கு ஏன் புரியவில்லை?

எடுத்துவிட்டார்கள். பேட்டரியின் ஒரு பக்கம் கருத்திருந்தது. உள்ளே புண் இருக்கிறது. ஆறும்போது குழாய் சுருங்கலாம், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார்கள். சில நாள் மூக்கில் குழாய் வழியாகத்தான் ஆகாரம். இப்போது வீட்டில் ஆறவைத்த ராகிக் கூழ் குடிக்கிறாள்.

முனியம்மா பார்க்க வந்தாள். “நான் வழியைத் தொறந்து வுட்டேன், அதனாலதான் டாக்டரு சுளுவா எடுத்துட்டாரு” என்றாள். அம்மா அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்! நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மாமா வேறு அம்மாவிடம், “உங்க சின்னப் பொண்ணு டாக்டரையே மிரட்டிச்சாமே. பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளை வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா இன்னா ஆவறது?” என்று சிரிக்கிறார். விழட்டும்.

நேற்று ஹாசினிக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மாவைக் காட்டி, சும்மாதான் கேட்டேன்.

“ஏன் பாப்பா, பேட்டரியை முழுங்கினதை ஆயா கிட்ட ஏன் சொல்லல?”

அவள் ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சொன்னா ஆயா திட்டும்.”

நாலு வயது, அக்கா. அவளுக்கு இதற்குள் தெரிந்துவிட்டது. தொண்டை எரிந்துகொண்டிருக்கும்போதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கற்றுக்கொள்ளவில்லை, நம் வீட்டில் கற்றுக்கொண்டாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் எதை உடைத்தாலும், எதை விழுங்கினாலும், பெரியவளாகி என்ன செய்துவிட்டு வந்து நின்றாலும், முதலில் ஓடி வந்து சொல்கிற இடம் நானாக இருப்பேன். கேட்டு முடிக்கும்வரை என் வாயிலிருந்து ஒரு வசவு வராது. வந்தால், நீ என் கனவில் வந்து என்னைத் திட்டு.

கோபம் தீராத உன் தங்கச்சி,
உன் மகளின் சித்தி,
சரளா