நூற்றைந்தே வாங்கு

அன்புள்ள மகன் நோல்டிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், சாப்பிடுகிறோம், சண்டை போடுகிறோம். ஓஅராய் ஊர்க் குளிரில் நீயும் பத்து விரலும் குறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மீன் வெட்டும் மெஷின் முன்னால் நின்றுகொண்டு கேமரா கனவு காணாதே, மெஷினுக்கு உன் கனவு தெரியாது. பெக்கி அக்கா ஞாயிற்றுக்கிழமை ஜப்பானுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் புகை போட்ட சூரைமீனையும் ஒரு போத்தல் மிளகாய் அரைப்பையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதை நீட்டுகிறார், அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை. உன் தங்கை யுல்சேயின் சின்னவனுக்குப் பல் முளைத்து எல்லாரையும் கடிக்கிறான், அவளுடைய புருஷன் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு எந்த ஆணி எங்கே போகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான், அவனை ஏன் கட்டிக்கொண்டாள் என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. கூரையில் ஒரு தகரம் காற்றில் போய்விட்டது. இதுதான் வீட்டுச் சேதி.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், பழைய கேமராவும் தண்ணீருக்குள் கொண்டுபோகிற பெட்டியும் வாங்கிவிட்டேன், இனி சின்னப் பிராணிகளை எடுக்கிற மேக்ரோ லென்ஸ்தான் பாக்கி, அறுபது மில்லிமீட்டரா நூற்றைந்தா அப்பாவிடம் கேட்டுச் சொல் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா கைடாக விருந்தாளிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகிற அதே லாட்ஜின் கேமரா அறையில் இத்தனை வருஷமாக அவர்களுடைய கேமராக்களை நல்ல தண்ணீரில் அலசுகிறேன், ரப்பர் வளையத்தில் தலைமுடி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கிரீஸ் தடவுகிறேன், அவர்கள் பெண்டாட்டியைப் பற்றிக்கூட இவ்வளவு சண்டை போட்டு நான் கேட்டதில்லை. அறுபதுக்காரன் சொல்வான், தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் இது சட்டென்று பிடித்துக்கொள்ளும், அசையும் பிராணிக்கு இதுதான் என்று. ஆனால் அதை வைத்துக்கொண்டு அரிசி அளவு பிராணியை எடுக்க அதன் மூஞ்சிக்கே போய் நிற்க வேண்டும், லென்ஸின் நிழல் விழும், பிராணி திரும்பிக்கொள்ளும். நூற்றைந்துக்காரன் ஒரு சாண் தள்ளி நிற்கலாம், பிராணி பயப்படாது, ஆனால் அதன் வழியாகப் பார்த்தால் நகத்தளவு இடம்தான் தெரியும், கைடு சரியான இடத்தைக் காட்டவில்லை என்றால் கடல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. உன் அப்பாவிடம் கேட்டேன். வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். “அறுபதா? அதை வச்சிக்கிட்டு அது மூக்குல போய் இடிப்பான், அது முதுகைக் காட்டிட்டுப் போவும். நூத்தஞ்சே வாங்கச் சொல்லு வெல்மின்ஸ். எடத்தை நான் காட்டறேன், அவன் அமுக்குனாப் போதும்” என்றார். அன்றைக்கே துறையில் எல்லாரிடமும் என் மகன் எனக்கே விருந்தாளியாக வருகிறான் என்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளியம்மா இனேகேயிடம் போய் நீ வருகிற வாரம் முழுக்கப் பலகையில் உன் பெயருக்கு நேராகக் கைடு மானுஸ் என்று தன் பெயரை எழுத வைத்திருக்கிறார்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி. உன் அப்பாவுக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரிவதில்லை. ஜலசந்திக்கு அந்தப் பக்கம் போகிற கப்பலின் பெயரைப் படிக்கிறார், தட்டில் இருக்கிற முள் தெரியவில்லை. முள்ளை எடுத்துவிட்டேன் என்று சின்னவனுக்கு மீன் ஊட்டினார், குழந்தை நீலம் பாரித்துவிட்டது, யுல்சே அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். மீன் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கண்ணாடி போடுங்கள் என்றால் “கண்ணாடி போட்ட கைடு பின்னாடி எவன்டி வருவான்” என்கிறார். முகமூடிக் கண்ணாடிக்குள் ஒட்டிக்கொள்கிற சின்ன வில்லைகளை யுல்சே மனாடோ பட்டணத்திலிருந்து வாங்கி வந்தாள், அது விருந்தாளிக் கிழவர்கள் ஒட்டுவது என்று கோழிக்கு வீசினார். பூதக்கண்ணாடி எடுத்துப் போகிற கைடுகளைப் பார்த்து வாழ்நாள் முழுக்கச் சிரித்த மனிதர், இப்போது எதை எடுத்துக்கொண்டு போவார்.

அப்புறம் எப்படி வேலை செய்கிறார் என்று கேட்பாய். மனப்பாடத்தில் செய்கிறார். அந்த அரிசி அளவு குட்டிக் கடற்குதிரை ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு தன் பவள விசிறியை விட்டு எங்கும் போகாது என்று உனக்குத் தெரியும், எந்தக் கிளையில் வாலைச் சுற்றியதோ அங்கேயே கிடந்து சாகும். அப்பா தன் விசிறிகளை எல்லாம் கிளை கிளையாகத் தெரிந்து வைத்திருக்கிறார். போகிறார், கம்பியை நீட்டுகிறார், குட்டிக்குதிரை இங்கே என்று சுண்டுவிரலைக் காட்டுகிறார், விருந்தாளி அமுக்குகிறான். இப்படி எத்தனை காலமாக ஓட்டினாரோ தெரியாது. பாறைமுனையில் இருக்கிற அவருடைய பெரிய சிவப்பு விசிறியின் மேல் மழைக்காலத்தில் யாரோ நங்கூரத்தை இழுத்துவிட்டார்கள், பாதி விசிறி உரிந்துவிட்டது, குதிரை ஒன்றுகூட இல்லை. எல்லாக் கைடுகளுக்கும் அது தெரியும், அவருக்குத் தெரியவில்லை. நூற்றைந்து லென்ஸோடு வந்த ஒரு கொரியா டாக்டரம்மாவை அங்கே கூட்டிப்போய்ச் சுண்டுவிரலைக் காட்டினார். அந்த அம்மா காற்று தீரும்வரை, குதிரையின் மேனியைப் போலவே இருக்கிற விசிறியின் வெறும் மொட்டுகளைப் படம் எடுத்தாள். சாப்பாட்டுக்கு அப்புறம் பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் மொட்டு, மொட்டு, மொட்டு. உன் அப்பா எழுந்து நின்று அது இன்றைக்குக் கூச்சப்பட்டுத் திரும்பிக்கொண்டது என்றார், எல்லாரும் நம்பிச் சிரித்தார்கள், அந்த அம்மா தன்னுடைய கைதான் சரியில்லை என்று மன்னிப்புக் கேட்டாள். கைடுகள் அறையில் ஃப்ரெட்ஸ் “மானுஸ் அண்ணே, எங்களுக்கும் அந்தப் பேய்க்குதிரையக் காட்டுங்க, பூசை போட்டுட்டு வர்றோம்” என்றானாம். எனக்கும் அதைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

சிரித்ததற்குப் போன வாரம் கூலி கிடைத்தது. கறுப்பு மணலில் ஒரு ஆஸ்திரேலியா பையன் முழங்கையை ஊன்றப் பார்த்திருக்கிறான், இங்கே ஊன்றலாமா என்று சைகையில் கேட்டிருக்கிறான், உன் அப்பா குனிந்து பார்த்து, ஊன்று என்று கைகாட்டியிருக்கிறார். அந்த இடத்தில் நீல வளையம் போட்ட குட்டி ஆக்டோபஸ் உட்கார்ந்திருந்தது. அது கடித்தால் மருந்து கிடையாது, இங்கே பிறந்த பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரெட்ஸ் பின்னாலிருந்து அந்தப் பையனின் துடுப்புச் செருப்பைப் பிடித்து இழுத்துவிட்டான். பையனுக்கு எதற்கு இழுத்தார்கள் என்றே தெரியாது, மேலே வந்து உன் அப்பாவைக் கட்டிப்பிடித்து அருமையான டைவ் என்றான். ஃப்ரெட்ஸ் என்னிடம் வந்து “அக்கா, அடுத்த தடவ நான் பக்கத்துல இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அழுதான். உன் அப்பாவிடம் கேட்டதற்கு அவனுக்குப் பொறாமை என்றார். இனேகேயிடம் சொல்லலாம், அவளுடைய விளம்பரப் பலகையில் சிரிப்பது உன் அப்பாவின் முகம், கேட்டும் கேட்காத மாதிரிதான் இருப்பாள். அவள் நிறுத்தினாலும் பக்கத்து லாட்ஜில் இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிடுவார்கள், மானுஸ் என்ற பெயருக்கு இன்னும் அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அவராக நிறுத்த வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிய வேண்டும்.

அதனால் நீ நூற்றைந்தே வாங்கு. அறுபதைக் கொண்டு வந்தால் பிராணி பயப்படும் என்று உன்னைத் தள்ளி நிறுத்துவார், படத்தில் பாதி விசிறி வந்துவிடும், அந்த மூலையில் இருக்கிறது இந்த மூலையில் இருக்கிறது என்று சாதித்துவிடுவார். நூற்றைந்தில் அவர் கம்பி காட்டிய இடம் மட்டும்தான் வரும், நழுவ இடம் இருக்காது. முதல் நாளே உன்னைப் பாறைமுனைக்குத்தான் கூட்டிப்போவார், அவருடைய பெருமை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சுண்டுவிரலைக் காட்டுவார். தலையை ஆட்டிவிட்டு அமுக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் திரையில் உன் படத்தைப் போடு, மூலைக்கு மூலை பெரிதாக்கு, எல்லாரும் பார்க்கும்போது “அப்பா, எங்க இருக்குன்னு நீங்களே வந்து காட்டுங்க” என்று சொல். அவ்வளவுதான் உன் வேலை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைக்காதே, தனியாக நாங்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். விருந்தாளி சொன்னால் அவன் கை சரியில்லை, ஃப்ரெட்ஸ் சொன்னால் பொறாமை, நான் சொன்னால் பெண்டாட்டி. நீ சொன்னால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. உனக்கு மனசு வராது, எனக்குத் தெரியும், சின்ன வயதில் தூண்டில் புழுவுக்கே அழுதவன் நீ. அழுவதானால் அறைக்குப் போய் அழு. நீயே ஏன் செய்யக்கூடாது அம்மா என்று கேட்டால் பதில் வைத்திருக்கிறேன். இதைச் செய்தவரை அவர் மன்னிக்கமாட்டார். நான் இந்த மனிதரோடு சாகும்வரை ஒரே தட்டில் சாப்பிட வேண்டும், நீ விமானம் ஏறிவிடுவாய். நீ சொல்லாமல் ஜப்பானுக்குப் போனபோது இரண்டு வருஷம் உன் பெயரைச் சொல்லாமல் இருந்தார், நீ அதைத் தாங்கிக்கொண்டாய், இன்னொரு தடவை தாங்கு. இங்கேயே இருந்திருந்தால் அவருடைய கண்ணாக இருந்திருப்பாய், யாருக்கும் தெரியாமல் பக்கத்தில் நின்று காட்டியிருப்பாய். நீ மீன் வெட்டப் போனாய். அதற்கு இது கொஞ்சம்தான்.

இதுவரை எழுதியபோது அவர் வந்து உட்கார்ந்து என்ன எழுதியிருக்கிறாய், படி என்றார். தாளைப் பார்த்தபடியே படித்தேன், சின்னவனின் பல்லை, தகரத்தை, பிறகு இதில் இல்லாததை எல்லாம், அப்பா சொல்கிற லென்ஸை வாங்கு, அப்பா சொல்கிற இடத்தில் நில், உன்னைப் பார்க்க வீடே ஏங்குகிறது என்று. கேட்டுக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாளைக் கை நீளத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, உன் கையெழுத்து இன்னும் அழகாக இருக்கிறது என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டார். கீழே கோணலாக என் வரிகள் மேலேயே ஏறிக் கிடப்பது அவர் எழுதியது, நான் திருத்தவில்லை.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மிளகாய் அரைப்பைத் திறந்தால் எண்ணெய் மேலே நிற்கிறதா என்று பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ, காலில் இரண்டு சாக்ஸ் போடு, வரும்போது லென்ஸைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வா.

உன் அம்மா,
வெல்மின்ஸ்

மகனே அம்மா இதில் எழுதியிருக்கிறபடியே செய். ஒன்றுகூட மாற்றாதே. அப்பா