காற்று தள்ளிய தண்ணீர்

22-7-1979, ஞாயிறு

குலசாமி கும்பிடப் பேரையூர்ப் பக்கம் போனவன், அந்தப் பழைய கண்மாய்க் கரையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். காலையில் மடைக்கல்லில் வெட்டிய கோட்டுக்குக் கீழே கிடந்த தண்ணீர், சாயங்காலம் கோட்டைத் தொட்டு நின்றது. ஒரு பொட்டு மழை இல்லை. மேல்காற்று மட்டும் விடாமல் வீசியது.

பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே தண்ணீர் மட்டம் பார்த்து எழுதியவர் கருப்பையா அண்ணன். திங்கட்கிழமை தோறும் நான் வேலை பார்த்த தல்லாகுளம் பாசன ஆபீஸுக்கு நோட்டோடு எனக்கு ஒரு கட்டு முருங்கைக்காயும் கொண்டுவருவார். ஒரு ஆடி மாதம் முழுக்கக் காலை அளவைவிடச் சாயங்கால அளவை ஒரு அங்குலம் கூட்டி எழுதியிருந்தார். மழையில்லாமல் எப்படி ஏறும் என்று கேட்டேன்.

"காத்து கரைப்பக்கம் தள்ளுது சார்" என்றார்.

நான் நம்பவில்லை. வீட்டிலிருந்தே எழுதுகிறார் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்துத் திருத்தினேன். கண்மாயைப் பார்த்தே அறியாத குமாஸ்தா நான்.

இன்று அவர் வீட்டைத் தேடிப் போய், "அன்னைக்கு நீங்க சொன்னதுதாண்ணே சரி" என்றேன்.

சிரித்தார். "அதை விடுங்க சார். அதுக்கப்புறம் சாயங்காலம் நான் கண்மாய்ப் பக்கமே போகல. காலையில பாத்ததையே ரெண்டு வேளைக்கும் எழுதிட்டேன். அந்தக் காத்துல நிக்கிறதுதான் விட்டுப்போச்சு."

அடுத்தடுத்த வருஷங்களில் அவர் நோட்டில் ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டி மேலே எழுதி அனுப்பியவன் நான்தான்.