எடுக்காத காவடி

உங்கள் முதல் வருடத் திதிக்கு வந்திருந்தவர்கள்: உங்கள் தம்பி, அவர் மனைவி, குருக்கள், நான். அவ்வளவுதான். கிள்ளானிலிருந்து உங்கள் அக்கா வரவில்லை. வந்திருந்தாலும் நம் வீட்டுக் குவளையில் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்.

குருக்கள் போன பிறகு, தம்பி அலமாரி மேலிருந்த காவடியை இறக்கினார். துணியை விலக்கியதும் மயிலிறகில் அந்துருண்டை வாசனை.

நம் இருவருக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்த பின், உங்களுக்கு ஹெப்படைட்டிஸ் சி-யும் இருக்கிறது என்றார்கள். நீங்கள் முருகனிடம் இரண்டாகப் பிரித்து வேண்டிக்கொண்டீர்கள். ஈரல் கிருமி போனால் நான் பால்குடம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஏறினால் நீங்கள் காவடி. மாத்திரை முடிந்து, கிருமி போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே பிரிக்பீல்ட்ஸில் காவடி செய்யச் சொல்லிவிட்டீர்கள். "இப்பவே செஞ்சு வச்சிட்டா முருகனுக்கே வெக்கமா போயிடும் லா, குடுத்துத்தான் ஆவணும்" என்று சிரித்தீர்கள்.

பால்குடம் எடுத்தேன். பத்துமலைப் படி முழுக்க, "சிந்தாம போம்மா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தீர்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையிலும், அதற்கடுத்ததிலும் எதிர்ப்பு அணுக்கள் அதே இடத்தில் நின்றன. "ஹெப்படைட்டிஸ் நல்லாயிடுச்சு அங்கிள். ஆனா சிடி4 ஏற மாட்டேங்குது. சில பேருக்கு இப்படித்தான்" என்றார் டாக்டரம்மா.

"திருடன் ஓடிட்டான், காவக்கார ஜாகா மட்டும் இன்னும் தூங்குறானா டாக்டர்?" என்று கேட்டீர்கள். அவரும் சிரித்துவிட்டார். காவல் இல்லாத வீட்டுக்குள் நுழைவது போலத்தான் பிறகு உங்களைக் கொண்டுபோன அந்த நிமோனியா வந்தது.

இப்போது எனக்கும் ஹெப்படைட்டிஸ் சி. திங்கட்கிழமை அதே மாத்திரையைத் தொடங்குகிறேன். "கிருமி போயிடும் ஆன்டி, பயப்படாதீங்க" என்கிறார் அதே டாக்டர். போகும். அதை நம்புகிறேன். அதற்குப் பிறகு என் அணுக்கள் ஏறும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

காவடியைத் துடைத்துக்கொண்டே தம்பி சொன்னார்: "அண்ணி, இந்தத் தைப்பூசத்துக்கு இத நான் எடுக்கிறேன். அண்ணனுக்கு இல்ல, உங்களுக்கு."

"கேட்டா முருகன் குடுப்பாரா தம்பி?"

தம்பி இறகுகளை நீவிக்கொண்டிருந்தார்.

விளக்கு தினமும் ஏற்றுகிறேன். வேண்டுவதை நிறுத்திவிட்டேன்; வெறுமனே நிற்கிறேன். உங்களுக்குக் கொடுக்காததை எனக்கென்று எப்படிக் கேட்பது? கொடுத்துவிட்டால், எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது?

தம்பி விரதம் தொடங்க வேண்டும். அவர் காவடியை எடுக்கட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.