ஆள் செலவு

பிப்ரவரி 3, 2025 – திங்கள்

சபரிநாதன் காலையில் கூப்பிட்டுவிட்டார். எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி வெள்ளைத்துரையின் மகன். படிப்பு முடித்து வந்ததிலிருந்து ஆபீசில் எல்லாக் காகிதமும் அவர் மேசைக்குத்தான் போகிறது. புதிதாக ஒரு கிளவுட் சேவை வந்திருக்கிறதாம். நம் சர்வர்களை அங்கே மாற்றினால் என்ன செலவு, என்ன வசதி, இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வேண்டும் என்றார். போன தீபாவளி சீசனில் ஏஜெண்டுகள் ஆர்டர் போடும் தளம் இரண்டு நாள் படுத்துவிட்டதை நினைவுபடுத்தினார். அதை நினைவுபடுத்த வேண்டுமா? அந்த இரண்டு நாளும் வசவு வாங்கியது நான்தானே.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக என் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 6 – வியாழன்

இலவசச் சோதனைக் கணக்கு திறந்து மூன்று நாளாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். நல்ல சரக்குதான். ஆர்டர் குவிந்தால் தானே கூடுதல் மெஷினை எடுத்துக்கொள்கிறது. கூட்டம் வடிந்ததும் விட்டுவிடுகிறது. தினமும் ஒரு பிரதி எடுத்து வேறு ஊரில் வைக்கிறது. குறையும் உண்டு. வெளியே போகும் டேட்டாவுக்குத் தனிக் கட்டணம் – விலைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில். நம் விலைப்பட்டியலில் அத்தனை பட்டாசுக்கும் படம் இருக்கிறது. சீசனில் எல்லாரும் திறந்து பார்த்தால் அந்தக் கட்டணம் எங்கே போய் நிற்குமோ. அந்தக் கம்பெனியிடம் உதவி கேட்டுப் பார்த்தேன். பதில் வர ஆறு மணி நேரம் ஆனது. உடனே வேண்டுமென்றால் அதற்கும் காசு.

சர்வர் அறையில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் பார்த்தேன். முனியராஜ் அண்ணன் டீ கொண்டுவந்து வைத்தார். அந்த அறையின் ஏசி, பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. எட்டு வருடம் முன்னால் எங்கள் விஸ்வநத்தம் ஆலையில் வெடிமருந்து தீப்பற்றி அவருக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. முதலாளி மதுரை ஆஸ்பத்திரிக்கே வந்தார். கேசுக்கெல்லாம் போக வேண்டாம், நான் இருக்கிறவரை உனக்கு வேலை உண்டு என்று சொன்னார். அந்த வேலைதான் இது. அண்ணன் எங்கள் ஊர், எம். புதுப்பட்டி. ஆபீசில் என்னை மேடம் என்பார், ஊருக்குள் தங்கச்சி.

என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். சும்மா ஒரு கணக்கு என்றேன்.

பிப்ரவரி 11 – செவ்வாய்

ரிப்போர்ட் முடிந்தது. நம் சர்வருக்குக் கரண்ட், பேட்டரி, இன்டர்நெட் லைன், மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 41,000. கிளவுட், சீசன் கூட்டத்தையும் சராசரி பார்த்தால் 46,000. வசதி அதிகம், விலையும் அதிகம். ஆர்டர் தளத்தை மட்டும் மாற்றலாம், மற்றது இங்கேயே இருக்கட்டும் என்று முடித்திருக்கிறேன். யாருக்கும் கேடில்லாத ரிப்போர்ட்.

பிப்ரவரி 13 – வியாழன்

சபரிநாதன் என் மேசைக்கே வந்தார்.

"இதுல முனியராஜ் சம்பளம் வரலையே?"

அது சம்பளம் இல்லை, கைக்குப் பதிலாக முதலாளி கொடுத்த வேலை என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறேன்.

"அப்பா வாயால சொன்னது. பேப்பர்ல இருக்கா? சர்வர் ரூம் இல்லேன்னா அவருக்கு என்ன வேலை? சேர்த்துப் போடுங்க."

நான் அடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார். 'ஆள் செலவு – 12,500.' நம் பக்கம் 53,500 ஆகிவிட்டது. கிளவுட் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் மலிவு. ஒரே வரிதான்.

மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா அவரே அடிச்சிருப்பாரு. அடிக்கட்டுமே. என் கை எதுக்கு அம்புட்டு வேகமா போச்சு?

பிப்ரவரி 14 – வெள்ளி

இன்றும் டீ கொண்டுவந்தார். குடித்தேன்.

பிப்ரவரி 17 – திங்கள்

மீட்டிங். முதலாளிக்காகத் தமிழில் ஒரு பிரதி எடுத்திருந்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தவர், 'ஆள் செலவு' வரியில் நின்றார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இது மாரிசெல்வி போட்ட கணக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் சபரிநாதன் ஆமாம் என்றார்.

"அப்பச் சரியாத்தான் இருக்கும்" என்று காகிதத்தை மூடி வைத்தார் முதலாளி.

பதினோரு வருடம் ஒரு கணக்கைக்கூட நான் தப்பாகப் போட்டதில்லை. அந்த நல்ல பேரை எதற்குச் சேர்த்து வைத்திருந்தேன் என்று இன்று தெரிந்தது. அப்பனும் மகனும் என் பேருக்குப் பின்னால் வசதியாக நின்றுகொண்டார்கள். தொலைந்து போகட்டும். நானும் உட்கார்ந்துதானே இருந்தேன்.

மார்ச் 31 – திங்கள்

எல்லாம் மாறிவிட்டது. ஒரு கோப்புகூடத் தவறவில்லை. சாயங்காலம் சர்வர்களை நிறுத்தினேன். முனியராஜ் அண்ணன் ஏசியை அணைத்தார். பேட்டரி ஒயரை இடது கையாலேயே கழற்றிச் சுற்றிவைத்தார். சாவியை என்னிடம் கொடுத்தார். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துக் கணக்கு முடித்துவிட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். முதலாளிக்கு எடுத்த அந்தத் தமிழ்ப் பிரதி.

"நீங்களே போட்டீகளா, போடச் சொன்னாகளா?"

போடச் சொன்னார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "நான்தாண்ணே போட்டேன்" என்றேன்.

கதவை இழுத்துச் சாத்தினார்.

"எம் பேரையாவது போட்டிருக்கலாம்ல மேடம். ஆள் செலவுன்னு போட்டிருக்கீக."

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவர் அதில் வரவில்லை.

ஏப்ரல் 7 – திங்கள்

சம்பளத்தில் நான்காயிரம் கூட்டியிருக்கிறார்கள். பதவிக்கும் புதுப் பேர். வேண்டாம் என்று சொல்ல வீட்டிலிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மே 9 – வெள்ளி

சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலை என்று கேள்விப்பட்டு, ஆள்விட்டு அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். போயிருக்கிறார். கையைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் பயப்படும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் அனுப்பி அந்தப் பேச்சையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 16 – திங்கள்

கம்பெனி பஸ் புதுப்பட்டியில் ஆளேற்றி, விஸ்வநத்தம் ஆலையில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் எங்களைச் சிவகாசி ஆபீசில் விடும். இன்று அதில் முனியராஜ் அண்ணன் மனைவி பொன்மணி ஏறினாள். கையில் தூக்குவாளி. அவர் கை போனதிலிருந்து எட்டு வருடமாக அவள் எந்தப் பட்டாசு ஆலைப் பக்கமும் போனதில்லை. இன்று ஆலை வேலைக்கு முதல் நாள்.

என் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது. ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு விஸ்வநத்தம் வரை நின்றேதான் வந்தாள்.