பரீட்சைக்கு மட்டும்

நவம்பர் 3, 2025. திங்கள்

காலையில் காயப்போட்ட துணியெல்லாம் மாலையில் எடுக்கும்போது கரிப்பொடி. திருவொற்றியூரில் காற்று வடக்கே எண்ணூர்ப் பக்கமிருந்து அடித்தால் இப்படித்தான். மறுபடி அலசினேன். கீழே தம்பி ஆன்றோ மளிகைக் கடையைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவன் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் இந்தக் கட்டடத்தில் நான் மட்டும்தான்.

பத்தாம் வகுப்பு அலகுத் தேர்வு, நாற்பத்திரண்டு தாள்கள். உயிரின் தோற்றமும் பரிணாமமும். 'புவியின் வயது என்ன?' என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு நவ்ரீன் இப்படி எழுதியிருக்கிறாள்:

"பரீட்சைக்கு, சுமார் 460 கோடி ஆண்டுகள்."

சிரிப்பு வந்தது. சரி என்று டிக் போட்டேன். அடுத்த தாளை எடுக்கக் கை வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இடைவேளையில் நவ்ரீனைக் கூப்பிட்டேன். என்ன கிண்டல் இது என்று கேட்டேன்.

"கிண்டல் இல்ல மிஸ். நீங்கதான சொன்னீங்க? இந்தப் பாடம் பரீட்சைக்கு மட்டும், எழுதிட்டு மறந்துடுங்கன்னு."

"மறந்துடுங்கன்னு சொன்னேனா?"

"வருசா வருசம் சொல்வீங்களாம். எங்கக்கா சொல்லிச்சி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ நெஜமா இன்னா வயசு மிஸ்?"

மணி அடித்துவிட்டது. நல்லவேளை என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனே, அதுதான் இப்போது உறுத்துகிறது.

நவம்பர் 5, புதன்

இருபத்து மூன்று வருடமாக அந்த ஒரு வரி. வருடத்துக்கு எண்பது பிள்ளைகள்.

நவம்பர் 8, சனி

அந்த வரி எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். 2002, ராயபுரத்துப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடம். ஒரு அப்பா வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். "எம்புள்ளய கொரங்குக்குப் பொறந்ததுன்றியா?" அப்போதிருந்த தலைமையாசிரியை என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "ரெஜினா, பாடத்துக்கு முன்னால ஒரு வரி சொல்லிடு. பரீட்சைக்கு மட்டும்னு. அப்புறம் யாரும் வரமாட்டாங்க." சொன்னேன். யாரும் வரவில்லை. பிறகு அது வருகைப்பதிவு எடுப்பதுபோல வாய்க்குப் பழகிவிட்டது.

நான் விலங்கியல் படித்தவள். பூமியின் வயதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. சர்ச்சில் பதினெட்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு நாள் படைப்பைச் சொல்லும்போதும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. யார் படைத்தார் என்பது அங்கே இருக்கிறது, எப்போது, எப்படி என்பது பாறையில் இருக்கிறது. எனக்குள் இரண்டும் சண்டை போட்டதே கிடையாது. இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? யார் கேட்டார்கள்? கல்யாணம் ஆகாமல் நாற்பத்தேழு வயதானவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். என்ன நினைக்கிறாய் என்று கேட்பதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பாடத்தை மறுபடி எடுத்தேன். "போன மாசம் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன், மறந்துடுங்கன்னு. அது தப்பு" என்று ஆரம்பித்தேன். ரயில் பாதை ஓரம் பொறுக்கிவந்த நிலக்கரித் துண்டை மேசைமேல் வைத்தேன்.

"மிஸ், பிரியாணி போடப்போறீங்களா?" கடைசி பெஞ்சிலிருந்து. ஒரே சிரிப்பு.

இது ஒரு காடு என்றேன். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் சதுப்பில் சாய்ந்து புதைந்த காடு. அந்தக் காட்டில் ஒரு பூ கிடையாது. பூ என்ற ஒன்றே இன்னும் வரவில்லை. ஒரு பறவை கிடையாது. அத்தனை காலமும் கடந்து, கடைசியில் நாம். குரங்குக்கு நாம் பிறக்கவில்லை. அதற்கும் நமக்கும் ஒரே பழைய மூதாதை, அவ்வளவுதான். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். பாறைக்குள் சில தனிமங்கள் ஒரே சீராகச் சிதைந்துகொண்டே இருக்கும், எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கும் என்று சொன்னேன். துண்டு கைமாறிக்கொண்டே போயிற்று. எல்லா விரலும் கருப்பு.

நவ்ரீனின் அப்பா எண்ணூர் நிலக்கரி யார்டில் வேலை செய்கிறார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அப்போ எங்கப்பா இருமித் துப்புறது காடா மிஸ்?"

யாரும் சிரிக்கவில்லை. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

நவம்பர் 16, ஞாயிறு

என் பத்தாம் வகுப்பு மாணவி மகிமா ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு உதவிக்கு வருவாள். இன்று சின்னப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று கேட்டுவிட்டாள்.

"மிஸ், ஸ்கூல்ல கோடிக்கணக்கான வருசம்னீங்க. இங்க ஆறு நாள்னு சொல்றீங்க. எது மிஸ்?"

குறும்பு இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"பூமிக்கு வயசு கோடிக்கணக்குலதான் மகிமா. இந்த ஆறு நாள் வயசைச் சொல்ல வந்தது இல்ல. இதையெல்லாம் செஞ்சவர் யாருன்னு சொல்ல வந்தது."

வாசலில் பன் தட்டோடு அவளுடைய அம்மா ரோஸ்மேரி நின்றுகொண்டிருந்தாள். பன்னைக் கொடுக்காமலேயே திரும்பிப் போனாள்.

நவம்பர் 18, செவ்வாய்

ரோஸ்மேரி வீட்டுக்கு வந்தாள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவள். கையில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, சின்ன டப்பாவில்.

"சண்ட போட வர்ல மிஸ். நா உங்ககிட்ட படிச்சவ. எங்களுக்கும் இதே பாடம் எடுத்தீங்க, பரீட்சைக்கு மட்டும்னு சொல்லி எடுத்தீங்க. எழுதிட்டு மறந்துட்டேன். நல்லாத்தான கீறேன்?"

"அப்படிச் சொன்னது என் தப்பு ரோஸ்மேரி."

"இருவது வருசம் கழிச்சி தப்புன்றீங்க. அப்போ நா படிச்சது இன்னா? எம்பொண்ணு என்னப் பாத்து, உனுக்கு ஒண்ணும் தெரியாதும்மான்றா." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நா பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன் மிஸ். மறைக்கத் தெர்ல எனுக்கு."

நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய முதல் ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டேனா? காபி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் பிராங்கிளின் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அம்மா இறந்தபோது நாலு நாள் அவர் வீட்டிலிருந்துதான் எனக்குச் சாப்பாடு வந்தது.

"சிஸ்டர், உங்கள எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு வரி. அடுத்த வாரம் பெத்தவங்க முன்னாடி, ஸ்கூல்ல சொல்றது பரீட்சைக்கு மட்டும்னு சொல்லிடுங்க. யாரும் மேல பேசமாட்டாங்க. இல்லன்னா கிளாஸ வேற யாருக்காவது குடுக்கவேண்டி வரும். கிறிஸ்துமஸ் புரோகிராம் வருது. பிள்ளைங்க உங்களத்தான கேட்பாங்க?"

நவம்பர் 26, புதன்

மழை விடுமுறை. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பால்காரரிடம்கூட இல்லை, பையை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரத்தில் என்னைத் தொடுகிற மனிதர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் மட்டும்தான். கையைப் பிடித்து இழுக்கும். முந்தானையில் மூக்கைத் துடைக்கும். ஒன்று மடியிலேயே தூங்கிவிடும்.

சொல்லிட்டுப் போயேன்டி. உனக்கென்ன புதுசா? இருபத்து மூணு வருஷம் சொன்னவதானே? இன்னொரு தடவ சொன்னா நாக்கு அழுகிடுமா?

சோறு வடித்தேன். அதிகமாகிவிட்டது. ஒருத்திக்கு வடிக்க இன்னும் அளவு வரவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

எழுந்து நின்றேன். தயாரித்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. "ஸ்கூல்ல சொல்றத உண்மைன்னு நம்பித்தான் சொல்றேன். இங்க சொல்றதையும் நம்பித்தான் சொல்றேன்" என்று மட்டும் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

யாராவது சத்தம் போட்டிருந்தால் தேவலை. பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஓய்வுநாள் பள்ளி அலமாரிச் சாவி, பெயர்ப் பதிவேடு, கிரேயான் டப்பா. எல்லாவற்றையும் ரோஸ்மேரிதான் வாங்கிக்கொண்டாள். அவள் கேட்டு வாங்கவில்லை, அவளிடம் கொடுக்கச் சொன்னார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பின் பெஞ்சு. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டிசம்பர் 13, சனி

மதியம் ரோஸ்மேரியிடமிருந்து போன்.

"மிஸ், தொந்தரவு பண்றனா? நாளைக்கும் நோவா பாடம்தான். போன வாரம் ஒரு வாலு கேக்குது, பேழைல டைனோசர் ஏறிச்சான்னு. கர்த்தருக்குத் தெரியும்னேன். 'உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி'ன்னு அதுக்கு மேல கேக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள்.

"நீங்க சொல்லுங்க மிஸ், நா எழுதிக்கிறேன்."

சொன்னேன். அவை அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அப்போது படகும் இல்லை, படகு செய்ய மனிதனும் இல்லை. எல்லாமே அழியவில்லை, ஒரு கிளை பிழைத்தது. இன்று நம் வீட்டுக் கூரைமேல் உட்கார்கிற காக்காய் அந்தக் கிளைதான். "காக்காவா? கடவுளே!" என்றாள். நாற்பது நிமிடம். இத்தனை நேரம் நான் யாரோடும் பேசிப் பல நாளாகிறது.

கடைசியில், "நீங்க சொன்னதா சொல்லமாட்டேன் மிஸ். பேஜாராயிடும்."

"வேண்டாம். சொல்லாதே."

போனை வைக்காமல் இருந்தாள். பிறகு மெல்ல, "எங்களுக்கும் அன்னிக்கே இப்படி சொல்லியிருக்கலாமில்ல மிஸ்?"

"சொல்லியிருக்கணும் ரோஸ்மேரி. என்னை மன்னிச்சிடு."

யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

சீக்கிரம் போய்விட்டேன். ஆராதனைக் கூடத்தில் யாருமில்லை. பின் பெஞ்சுக்கு நேர் பக்கத்து அறையில்தான் பிள்ளைகள். கதவு பாதி திறந்திருந்தது.

"அதெல்லாம் ஆறரை லட்சம் வருசத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சி" என்றாள் ரோஸ்மேரி.

பாதி எழுந்துவிட்டேன்.

"கோடிம்மா" என்றது மகிமாவின் குரல்.

"ஆங், கோடி. ஆறரைக் கோடி."

"அப்போ நீங்க பொறக்கவேயில்லியா ஆன்ட்டி?" ஒரு வாண்டு. அறை முழுக்கச் சிரிப்பு, ரோஸ்மேரியின் சிரிப்பும் அதற்குள்.

உட்கார்ந்தேன். ஆராதனைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. என் பெஞ்சுக்கு யாரும் வரவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் இருந்தேன்.