நின்றுபோன பதினேழாம் காற்றாலை

தீபொறோன்,
அக்டோபர் 9

அன்புள்ள சிஸ்ஸெலுக்கு,

நான் நலம். உன்னை நினைத்துத்தான் கவலை. கடல் காற்றாலைகளைப் பழுதுபார்க்கப் போகும் உங்கள் கப்பலில் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்றாயே, கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் வேர்னரின் மீன்படகில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வழியிலேயே அவன் தின்று தீர்க்காவிட்டால் உனக்குக் கிடைக்கும்.

நேற்று காப்பி குடிக்க வந்தவன், “உன் பையன் இன்னிக்கும் தலையாட்டுறான் கிர்ஸ்டன், எங்க வலைய நோட்டம் பாக்குறான்போல” என்று சிரித்தான். வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். என் மகன் ட்ரோல்ஸ் அந்தக் காற்றாலைத் தூணுக்குள் ஏணியிலிருந்து விழுந்து செத்த அன்று, அவனைக் கரைக்குக் கொண்டுவந்தது வேர்னர்தான். அவனுக்கு உரிமை உண்டு.

அது ஆடுவது உண்மை, சிஸ்ஸெல். மற்ற காற்றாலைகள் சுற்றிக்கொண்டு நேராக நிற்கின்றன. அவன் போன பிறகு அது சுற்றக்கூடாது என்று நான் கெஞ்சியதற்காகக் கம்பெனி நிறுத்திவைத்த பதினேழாம் நம்பர் மட்டும் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. கரையிலிருந்து தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும். ஜன்னலில் நின்று நானும் பதிலுக்குத் தலையாட்டியிருக்கிறேன். பைத்தியம் என்று நினைப்பாயோ என்று உன்னிடம் சொன்னதில்லை.

உன் கடிதம் அதையும் பறித்துவிட்டது. இறக்கை சுற்றினால் காற்றே தூணைப் பிடித்துக்கொள்ளும், நிறுத்தினால் சின்ன அலையும் ஆட்டும், கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோல இரும்பு களைத்துப்போகும் என்று எழுதியிருக்கிறாய். அடியில் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசலாம். போன மாதத்தைவிட நீண்டிருக்கிறதாம். அதைப் பார்க்க வாராவாரம் உள்ளே இறங்குவது நீதானாம். இதைக் கடைசி வரியில், இங்கே மழை என்பதுபோல எழுதியிருக்கிறாய்!

படித்ததும் கோபம்தான் வந்தது. அதை மறுபடி ஓட்டச் சொல்லி நீயே மேனேஜரிடம் கேட்டிருக்கலாம். என் மனம் நோகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாயாக்கும். உன் புருஷன் விழுந்த அதே ஏணி. என்ன பெண் நீ!

இன்று காலை நானே அவருக்குப் போன் செய்தேன். விரிசலைச் சரிசெய்து அதை ஓட்டச் சொல்லிவிட்டேன். பாவம் அந்த மனிதர், “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்று மறுபடி மறுபடி கேட்டார். போனை வைத்த பிறகு அழுதேன்.

இனி அதுவும் மற்றவற்றோடு சுற்றும். அத்தனை இறக்கைகளுக்கு நடுவே எது அவனுடையது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். போகட்டும். நீ அதற்குள் இறங்காதே. பத்திரமாக வீட்டுக்கு வந்து சேர், மகளே.

உன் அம்மா,
கிர்ஸ்டன்