மகளைக் கேட்டு வந்தவர்கள்

ஆனி 8, ஞாயிறு

கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல். கருவாட்டை இரண்டு தரம் உதறிக் காயப் போட்டேன்.

காலைப் பூசைக்குத் தனியே போனேன். மகள் ரெஜினா வெள்ளை உடுத்திக்கொண்டு மன்னார் டவுனுக்கு, தியானக் கூட்டத்துக்கு. நர்ஸ் குசும் வீட்டு மேல்மாடியில் ஞாயிறுதோறும் நடக்கிறது. அவளுடைய மகன், என் பேரன் டிலக்சன், போன பிறகு தொடங்கிய பழக்கம். ஒன்றரை வருடம்.

கோயில் வாசலில் பக்கத்து வீட்டுப் பிலோமினா: "அன்ரி, உங்கட மகள் இப்ப சிங்களச் சாமி கும்பிடுறாவாமே?"

"அங்க சாமியைக் கும்பிடுறதில்லையாம் பிள்ளை. வாயை மூடிக்கொண்டு இருக்கிறதாம். உனக்கு அது சரிவராது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்கு ஆட்கள். குசுமும், அந்தக் கூட்டத்தை நடத்துகிற பெண் துறவியும். மாணியோ என்று கூப்பிடுகிறார்கள். மொட்டைத் தலை, காவி. ரெஜினாவை விட வயது குறைவு போல. நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டேன். பால் வேண்டாமாம், பிளேன்ரீ மட்டும்.

ரெஜினா துறவியாகப் போகக் கேட்கிறாளாம். நாற்பத்து மூன்று வயதானாலும், தாய் உயிரோடு இருந்தால் தாய் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்களாம். அதுதான் அவர்கள் முறை.

அவளைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட என்னிடம் இவ்வளவு மரியாதையாய்க் கேட்கவில்லை. அந்த மாப்பிள்ளை செத்தும் ஆறு வருடம்.

"குடுக்க மாட்டன் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

குசும் சிங்களத்தில் சொன்னாள். மாணியோ தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தா.

அவர்கள் போன பிறகு ரெஜினா: "நீங்கள் சொல்லாட்டி நான் போகமாட்டன் அம்மா." பிறகு கிணற்றடிக்குப் போய் உடுப்புத் தோய்த்தாள். சண்டை பிடித்திருந்தால் நல்லது.

ஆனி 10, செவ்வாய். போயா

மருந்து எடுக்கப் பெரியாஸ்பத்திரி. சீனி கூடியிருக்கிறது. நடக்கச் சொன்னார்கள்.

பஸ் நிலையத்தில் தியானக் கூட்டத்தார் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இலவசமாய்க் கோப்பியும் பணிஸும். பௌர்ணமிப் போயாவுக்கு அப்படிக் கொடுப்பது அவர்களுக்குப் புண்ணியமாம். பார்க்காமல் போக நினைத்தேன். கால் போகவில்லை. வரிசையில் நின்றேன்.

ரெஜினா இரண்டு கையாலும் கோப்பை நீட்டினாள். எனக்கு முன்னால் ஒரு ஆமிப் பெடியன், அவனுக்கு முன்னால் சிலாவத்துறை பஸ்ஸில் வந்த ஒரு ஹாஜியார். எல்லோருக்கும் ஒரே மாதிரி.

"அம்மா, சீனி போட்டதோ, போடாததோ?"

பெற்ற தாய்க்கு எது என்று மகளுக்குத் தெரியாதா! "போட்டது," என்றேன், வேண்டுமென்றே. போடாததைத் தந்தாள்.

அதற்குள் ஒரு கழுதை பின்பக்கத்தால் வந்து பணிஸ் தட்டில் வாய் வைத்துவிட்டது. வங்கியில் வேலை செய்கிறவர் ஒருவர் குடையால் அடிக்க ஓடினார். மாணியோ ஏதோ சொன்னா. குசும் எனக்குத் தமிழில் சொன்னாள்: "வரிசையில நிக்காததுதானாம் பிழை, திண்டது பிழை இல்லையாம்." ரெஜினா சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

டிலக்சன் போன நாளிலிருந்து என் வீட்டில் அந்தச் சிரிப்பு இல்லை. பஸ் நிலையத்தில் இருக்கிறது.

ஆனி 15, ஞாயிறு

இன்று முழுநாள் தியானமாம். விடிய ஆறுக்குப் போய்விட்டாள். நண்டு மலிவு. முருங்கையிலை போட்டுக் காரமாய் நண்டுக் கறி, பச்சையரிசிச் சோறு. சின்ன வயதிலிருந்தே நண்டென்றால் அவளுக்கு உயிர். மணத்திலாவது மனம் மாறும் என்று நினைத்தேன்.

ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். படி ஏறும்போது பகல் ஒரு மணியாகிவிட்டது. எல்லோரும் தரையில், கண் மூடி, மூச்சுக் காட்டாமல். சட்டியைத் திறந்துவிட்டேன். மணம் போய் ஒவ்வொரு மூக்காய்த் தட்டியது. வங்கிக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார்.

குசும் எழும்பி வந்து காதுக்குள்: "அம்மே, பன்னெண்டுக்குப் பிறகு இங்க ஒருவரும் சாப்பிடக் கூடாது."

யாருக்குத் தெரியும் இது? எங்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடே மூன்று மணிக்குத்தான்.

ரெஜினா கண் திறக்கவில்லை. தொண்டை மட்டும் ஒருதரம் அசைந்தது. அதைக் கண்டது நான் ஒருத்திதான்.

கறியை ஓட்டோக்காரன் கொண்டுபோனான். சட்டியைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன்.

ஆனி 22, ஞாயிறு

தலையிடி. ஆனாலும் அவளோடு போனேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க. எனக்குக் கதிரை தந்தார்கள்.

"மூச்சு வாறதப் பாருங்க. போறதப் பாருங்க. வேற வேலை இல்ல," என்றாள் குசும்.

பார்த்தேன். முழங்கால் குத்து. நுளம்பு. உலையில் பருப்புப் போட்டேனா என்ற யோசனை. பிறகு டிலக்சன்.

கடலட்டை எடுக்கச் சுழியோடப் போனவன். காற்றுச் சிலிண்டரோடு இறங்கியவனை மேலே எடுத்தபோது மூச்சு இல்லை. பத்தொன்பது வயது. 'என்ர பேரன் மீனுக்கே நீச்சல் பழக்குவான்' என்று எங்கள் ஊர் தாழ்வுபாடு முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

மணி அடிக்கும்வரை இருக்க முடியவில்லை. வெளியே வந்து படியில் குந்தினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "அந்த மூச்சில என்னத்தைப் பிள்ளை காணுறாய்?"

"அவன் கடைசியாத் தேடினது அதைத்தானே அம்மா. எனக்குச் சும்மா வந்து போகுது. பாத்துக்கொண்டு இருக்கிறன்."

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 

ஆடி 2, புதன். மடு

மடு மாதா கோயில் திருவிழா. சனம் தாங்காது. கொண்டு வந்தது: அரிசி 5 கிலோ, தேங்காய் 6, பாய் 2, சீனிக் குளிசை. கொண்டுவர மறந்தது: உப்பு.

ரெஜினாவும் வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். கூடாரம் கட்டினாள், தண்ணீர் அள்ளினாள், சமைத்தாள். செபமாலைக்குப் பதில் சொன்னாள். பாட்டும் படித்தாள். பிலோமினா என் காதில், "பாத்தீங்களே அன்ரி, மாதா திருப்பிக் கொண்டு வந்திட்டா."

மாதாவிடம் நான் கேட்டதும் அது ஒன்றுதான். இவளை எனக்கு வைத்துத் தா.

ஆனால் தண்ணீர் ஊற்றும்போது, "போதுமே அம்மா?" பாய் விரிக்கும்போது, "போதுமே அம்மா?" மாதா சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, அதே கேள்வி.

இழுக்கிற ஆட்டைக் கட்டி வைக்கலாம். கயிற்றடியில் பேசாமல் நிற்கிற ஆட்டைக் கட்டி வைக்க வெட்கமாயிருக்கிறது.

மாதாவிடம் திரும்பப் போனேன். கேட்டதைத் தர வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவவுக்கும் ஒரு பிள்ளை போனதுதானே.

ஆடி 6, ஞாயிறு

காற்றுக் குறைவு. வெயில்.

மேல்மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மாணியோ கேட்டதைக் குசும் தமிழில் கேட்டாள்: "ஒருத்தரும் பலவந்தம் பண்ணவில்லைதானே? மனசாரச் சொல்றீங்களா?"

"பலவந்தம் இல்லை. மனசார எண்டும் சொல்ல மாட்டன். குடுக்கிறன்."

குசும் அதைச் சிங்களத்தில் சொல்லக் கனநேரம் எடுத்தாள். மாணியோவின் கண் கலங்கியது. அவ துறவியாகப் போகக் கேட்டபோது அவவின் தாய் ஒன்பது மாதம் அவவோடு பேசவில்லையாம். "நீங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டீங்க," என்றாவாம்.

ரெஜினா எழும்பி வாசலுக்குப் போனாள். என் செருப்பை எடுத்து நேராக வைத்தாள்.

வரும் போயாவுக்குத் துறவியாகிறாள். கொண்டுபோக வேண்டியது: வெள்ளைச் சீலை 2, குடை, ஊசி நூல், சவர்க்காரம். நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணின் சீதனம்.

ஆடி 10, வியாழன். போயா

விடிய நாலரைக்கு வாடகை வான். மதவாச்சிப் பக்கம் பெண் துறவிகள் மடம். பெரிய வெள்ளை மண்டபம், கூட்டிப் பெருக்கிய மணல் முற்றம். சனம் எல்லாம் வெள்ளை. நான் மட்டும் நீலச் சீலை.

முடியில் முதல் வெட்டுத் தாயின் கையாலாம். கத்தரிக்கோல் தந்தார்கள். காதோரம் நரை, எனக்கு இதுவரை தெரியாது. வெட்டினேன். வெட்டிய முடியை அவள் கையில் வைத்தார்கள். மிச்சத்தை மாணியோ மழித்தா.

காவி உடுத்த முன்னம் கடைசியாய் ஒருதரம் தாயைக் கும்பிட வேண்டுமாம். உடுத்தபின் அவள் தாயைக் கும்பிடக் கூடாது. தாய்தான் அவளைக் கும்பிட வேண்டும். முழங்காலில் இருந்து என் காலைத் தொட்டாள்.

எங்கள் வீட்டில் யார் வெளிக்கிட்டாலும் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்புவோம். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, இந்தியாவுக்கு வள்ளம் ஏறும்போது, கல்யாணத்தன்று, எல்லாத்துக்கும் போட்ட நெற்றி. கை தானாக எழும்பியது. அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். முன்னால் புத்தர் சிலை. இத்தனை கண். இங்கே இது பிழையோ, பிள்ளைக்கு மரியாதைக் குறைவோ என்று பயந்துவிட்டேன். ஒருவருக்கும் பயப்படாத நான்.

தலையில் கையை வைத்து, "எழும்பு பிள்ளை," என்றேன்.

எழும்பவில்லை. முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். எதற்கு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். குசும் மெல்ல, "நேரம் சரி அம்மே," என்றாள். அப்போதும் நான் போடவில்லை.

உள்ளே கூட்டிப் போனார்கள். காவியோடு வந்தாள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். எனக்கு முழங்கால் மடங்காது. நின்றபடியே குனிந்தேன். அவள் கையெடுக்கவில்லை. அதுதான் முறை.

நிமிர்ந்தபோது அந்த நெற்றி ஒரு முழத் தூரத்தில் இருந்தது.